ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் எங்கே இருக்கிறார்?

ஓர் ஆன்லைன் பாடம் தரமானதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது? வீடியோ தெளிவாக இருக்கிறதா, பக்கம் பார்க்க அழகாக இருக்கிறதா, புதுப்புதுச் செயலிகள் இருக்கின்றனவா என்றுதான் கண் முதலில் போகும். அமெரிக்காவில் ஷானா ஸ்மித் ஜேகர்ஸ், டி சூ என்ற இரு கல்வி ஆய்வாளர்கள் இதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு சமுதாயக் கல்லூரிகளில் நடந்த 23 ஆன்லைன் பாடங்களை எடுத்துக்கொண்டார்கள். பாடம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கிறதா, எதைக் கற்க வேண்டும், எப்படி மதிப்பெண் போடுவார்கள் என்பது முன்கூட்டியே தெரிகிறதா, தொழில்நுட்பம் எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, ஆசிரியரும் மாணவரும் தங்களுக்குள் எவ்வளவு பழகுகிறார்கள் என்று நான்கு கோணங்களில் அலசினார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. மாணவர் கடைசியில் வாங்கிய மதிப்பெண்ணோடு தெளிவாக ஒட்டி வந்தது நான்கில் ஒன்றுதான். அது ஆசிரியர், மாணவர் பழக்கம்.

23 பாடங்கள் என்பது சிறிய எண்ணிக்கை. இதை மட்டும் வைத்து மற்ற மூன்றும் வேண்டாத வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் சமுதாயக் கல்லூரிகளில் ஆன்லைன் கல்வி எங்கே தடுக்கி விழுகிறது, அதைத் தூக்கி நிறுத்த என்ன செய்கிறார்கள் என்று பார்க்கப் போனால் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. பிறகு தமிழகத்தில் பல வந்தன. ஆனால் அமெரிக்காவில் அதன் பருமனே வேறு. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியைத்தான் முதல் சமுதாயக் கல்லூரி என்கிறார்கள். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 அரசுச் சமுதாயக் கல்லூரிகள்; ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேர் படிக்கிறார்கள். இரண்டாண்டுப் பட்டம் வாங்கலாம். அங்கிருந்து நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளலாம். நர்சிங், வெல்டிங், கணக்குப் பதிவு என்று தொழிலும் கற்கலாம். கட்டணம் குறைவு. நுழைவுத் தேர்வு, கட்-ஆஃப் எதுவும் கிடையாது. கதவைத் தட்டியவர் எல்லோரும் உள்ளே வரலாம்.

அந்தத் திறந்த கதவில்தான் ஆன்லைன் கல்வியின் சிக்கலும் இருக்கிறது. அங்கே படிப்பவர்களில் பதினெட்டு வயதில் பள்ளி முடித்து நேராக வந்தவர்களும் உண்டு. கிடங்கில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், இரண்டு குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் அம்மா, வேற்று நாட்டிலிருந்து வந்து நாற்பது வயதில் ஆங்கிலத்தைச் சரிசெய்துகொள்பவர் என்று மற்றவர்களும் உண்டு. நேரடி வகுப்புக்கு வர முடியாதவர்கள்தான் ஆன்லைன் வகுப்பைத் தேடுகிறார்கள். வீட்டில் யாரும் கல்லூரி படித்திராத முதல் தலைமுறைக்காரர்கள், லேப்டாப் இல்லாமல் மொபைலிலேயே கட்டுரை எழுதுபவர்கள் இவர்களில் ஏராளம். 2020இல் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது பல கல்லூரிகள் தங்கள் கார் நிறுத்துமிடத்துக்கு வைஃபை இழுத்துவிட்டன. மாணவர்கள் காரில் உட்கார்ந்தபடி பாடம் கேட்டார்கள். ஆக, யாருக்கு ஆன்லைன் மிகவும் தேவையோ அவருக்குத்தான் அது மிகவும் கடினம்.

எண்களும் அதையே சொல்கின்றன. கலிஃபோர்னியா பொதுக் கொள்கை நிறுவனம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளின் 2011-12 கணக்கைப் பார்த்தது. ஆன்லைன் பாடத்தில் தேறியவர் விகிதம், நேரடி வகுப்பைவிட 11 முதல் 14 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைவு. ஜேகர்ஸும் சூவும் வாஷிங்டன் மாநிலத் தரவை அலசி 2013இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி உள்ளே போனது. ஆண்கள், இளவயதினர், கறுப்பின மாணவர்கள், ஏற்கெனவே குறைந்த மதிப்பெண் எடுத்து வந்தவர்கள் ஆகியோருக்கு இந்தச் சறுக்கல் அதிகம் என்று காட்டியது. முப்பது வயதைத் தாண்டிய பெண் சமாளித்துக்கொள்கிறார். பத்தொன்பது வயதுப் பையன் தவறவிடுகிறான் என்று பச்சையாகச் சொல்லலாம்.

அப்படியானால் ஆன்லைனை மூடிவிடலாமா? கூடாது. அதே 2014 அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஒன்றிரண்டு பாடங்களையாவது ஆன்லைனில் எடுத்தவர்களுக்கு, நேரடி வகுப்பு மட்டுமே எடுத்தவர்களைவிடப் பட்டம் முடிக்கவோ பல்கலைக்கழகத்துக்கு மாறவோ வாய்ப்பு அதிகம். ஒரு பாடத்தில் தோற்கும் ஆபத்து கூடுகிறது. ஆனால் வேலையையும் வீட்டையும் விடாமல் படிப்பை ஓட்டிச் செல்லும் வழியும் அதுவேதான். ஆகவே பாடத்தை எப்படிச் சரியாக நடத்துவது என்பதில்தான் கவனம் வைக்க வேண்டும்.

இங்கே சட்டம் ஒரு சுவையான கோடு கிழிக்கிறது. நம்மூரில் ‘கரஸ்ல படிச்சேன்’ என்றால் எல்லோருக்கும் புரியும். புத்தகம் தபாலில் வரும். நாமே படித்துக்கொள்ள வேண்டும். மே மாதமோ டிசம்பரோ தேர்வு எழுத வேண்டும். ஆசிரியர் முகம் தெரியாது. அமெரிக்கச் சட்டம் இந்த அஞ்சல் வழிக் கல்வியையும் தொலைநிலைக் கல்வியையும் வெவ்வேறாகப் பார்க்கிறது. தொலைநிலைக் கல்வி என்று பெயர் வாங்க வேண்டுமானால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ‘முறையான, பொருளுள்ள தொடர்பு’ இருக்க வேண்டும். பெரும்பாலும் அஞ்சல் வழியிலேயே பாடம் நடத்தும் கல்லூரியின் மாணவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைக்காது. ஒரு கல்லூரிக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் வேண்டாம்.

2021 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி, பொருளுள்ள தொடர்பு என்றால் என்ன என்று விளக்குகிறது. நேரடியாகப் பாடம் நடத்துவது, மாணவரின் வேலையைத் திருத்திக் கருத்துச் சொல்வது, பாடம் பற்றிய கேள்விக்குப் பதில் தருவது, குழு விவாதத்தை நடத்துவது என்று சொல்லிக்கொண்டே போய், இவற்றில் குறைந்தது இரண்டேனும் நடக்க வேண்டும் என்கிறது. முறையான தொடர்பு என்றால், அது எப்போது நடக்கும் என்று மாணவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவர் பின்தங்கினால் ஆசிரியரே தேடிப் போய்ப் பேச வேண்டும். ‘சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பவும்’ என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதாது. 2017இல் ஒரு பெரிய ஆன்லைன் பல்கலைக்கழகம் இந்தத் தொடர்பு விஷயத்தில் தவறியது என்று சொல்லி, 71 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொல்லலாம் என்று கல்வித் துறையின் தணிக்கை அதிகாரியே பரிந்துரைத்தார். விதி தெளிவாக இல்லை என்று காரணம் காட்டி 2019இல் துறை அதைக் கைவிட்டது வேறு கதை. ஆனால் கல்லூரிகள் அந்தத் தொகையை மறக்கவில்லை.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம். தரத்துக்கு வேறு அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று சமுதாயக் கல்லூரிகள் நிறைந்த ஒரு கூட்டமைப்பிலிருந்தே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. மேரிலாந்து மாநிலக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2003இல் அரசு மானியம் பெற்று ‘குவாலிட்டி மேட்டர்ஸ்’ என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கியது. ஒரு கல்லூரியின் பாடத்தை வேறு ஆசிரியர்கள் திறந்து பார்த்து, பட்டியலிட்ட தரக்கூறுகளுக்கு எதிரே புள்ளி போடுவார்கள். கலிஃபோர்னியாவில் 2013இல் தொடங்கிய ஆன்லைன் கல்வி முயற்சி, பிறகு கலிஃபோர்னியா மெய்நிகர் வளாகம் ஆனது. அவர்கள் பாடம் தரும் விதம், தொடர்பு, மதிப்பீடு, மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதி என்று நான்கு பிரிவுகளில் தங்கள் பட்டியலை வைத்திருக்கிறார்கள். தேறிய பாடத்துக்குத் தர முத்திரை கிடைக்கும். ஒரு கல்லூரி மாணவர் இன்னொரு கல்லூரியின் ஆன்லைன் பாடத்தைத் தேடிச் சேரலாம் என்ற வசதி அங்கே உண்டு. அந்தத் தேடலில் முத்திரை பெற்ற பாடம் மேலே வந்து நிற்கும்.

இந்தப் பரிசோதனையில் எனக்குப் பிடித்தது, சோதிப்பவரும் ஆசிரியர் என்பதுதான். நம் கல்லூரிகளில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஃபைல்களைத் தூசி தட்டி அடுக்குவோம். அங்கே சக ஆசிரியர் ஒருவர், மாணவராக உள்ளே நுழைந்து, ‘மூன்றாவது வாரத்தில் எனக்கு வழி தெரியவில்லை, அடுத்து எங்கே அழுத்துவது?’ என்று கேட்கிறார். பாடம் எழுதியவருக்கு அது தெரியாமல் போவது இயல்பு, அவர்தானே அடுக்கினார்.

ஆனால் பட்டியல்களுக்கு ஒரு குறை உண்டு. அவை பெரும்பாலும் பாடத்தின் வடிவத்தைச் சோதிக்கின்றன. பாடம் நடக்கும்போது என்ன நடக்கிறது என்பதை அவ்வளவாகச் சோதிப்பதில்லை. ஆகஸ்டில் முத்திரை வாங்கிய அதே பாடத்தை அக்டோபரில் ஆசிரியர் எட்டிப் பார்க்காமலே விட்டிருக்கலாம். முன்னே சொன்ன 2016 ஆய்வை வைத்துப் பார்த்தால் இது சின்ன ஓட்டை அல்ல.

ஆசிரியர் உள்ளே இருக்கிறாரா என்பது எப்படித் தெரியும்? புள்ளியியல் பாடத்தில் ஒரு மாணவி அசைன்மென்ட் அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சராசரியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாள். திட்ட விலக்கத்தில் கோட்டைவிட்டாள். ஓர் ஆசிரியர் ‘7/10. நன்று. இன்னும் கவனம் தேவை’ என்று எழுதுகிறார். இன்னொருவர், ‘சராசரி வரை எல்லாம் சரி. நான்காவது வரியில் ஒவ்வொரு வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தாமலே கூட்டிவிட்டாய். அதனால்தான் பூஜ்யம் வந்தது. அந்த ஒரு படியை மட்டும் திரும்பப் போட்டு வியாழக்கிழமைக்குள் அனுப்பு, மதிப்பெண்ணைத் திருத்துகிறேன்’ என்று எழுதுகிறார். இருவரும் அதே ஏழு மதிப்பெண்தான் போட்டார்கள். முதல் கருத்தை எந்த மாணவருக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். இரண்டாவதை இவளுக்கு மட்டும்தான் எழுத முடியும். அதைப் படிக்கும்போது தன் தாளை யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

விவாதப் பகுதியின் கதை வேறு. ‘உன் கருத்தை எழுது; இரண்டு பேருக்குப் பதில் எழுது’ என்பது ஆன்லைன் வகுப்பின் சடங்காகவே ஆகிவிட்டது. ‘நல்ல கருத்து, நானும் அப்படித்தான் நினைக்கிறேன்’ என்று முப்பது பேர் எழுதுவார்கள். இதற்குப் பேர் தொடர்பு என்றால் திருமண மொய்க் கவரில் எழுதும் வாழ்த்தும் இலக்கியம்தான். இப்போது அதையும் செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்துவிடுகிறது. அதைப் பிடிக்கும் மென்பொருளை நம்பவும் முடியாது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளை அந்த மென்பொருள்களில் போட்டுப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. குடியேறியவர்கள் நிறைந்த சமுதாயக் கல்லூரியில் இதை வைத்துத் தண்டித்தால் எவ்வளவு அநியாயம் நடக்கும்! கேள்வியை மாற்றுவதுதான் வழி. உன் வேலையிடத்தில் இந்தக் கணக்கு எங்கே வருகிறது, ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பு என்று கேட்டால் பதில் அவரவர் வாழ்க்கையிலிருந்து வந்தாக வேண்டும்.

முதல் வாரமும் அதற்கு முந்தின வாரமும் மிக முக்கியம் என்பது இந்தத் துறையில் பரவலான கருத்து. கலிஃபோர்னியாவில் ஆன்லைன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மிஷெல் பகான்ஸ்கி-பிராக், ‘லிக்விட் சிலபஸ்’ என்ற ஒன்றைப் பரப்பினார். வகுப்பு தொடங்கும் முன்பே, பாஸ்வேர்டு எதுவும் இல்லாமல் மொபைலில் திறக்கும் ஓர் எளிய பக்கம். அதில் ஆசிரியர் பேசும் குட்டி வீடியோ, முதல் வாரம் என்ன செய்ய வேண்டும், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்ற விவரம். ‘தாமதமானால் பூஜ்யம்’ என்று தொடங்கும் பன்னிரண்டு பக்க பிடிஎஃப் கோப்பைவிட இது எவ்வளவோ மேல்.

அணுகல் வசதியைப் பற்றிப் பேசும்போது பலர் அது சில பேருக்கான சலுகை என்று நினைக்கிறார்கள். கோணலாக ஸ்கேன் செய்த பழைய புத்தகப் பக்கம் பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானுக்கு வெறும் படம். ஒரு சொல்லும் கேட்காது. மொபைலில் படிப்பவருக்கும் அது படாத பாடுதான். சப்டைட்டில் காது கேளாதவருக்குத் தேவை. குழந்தை தூங்கும் அறையில் ஒலியை அணைத்துவிட்டுப் பாடம் பார்க்கும் அம்மாவுக்கும் தேவை. தானாக விழும் சப்டைட்டிலை அப்படியே விட்டால் உடற்கூறியல் பாடத்தில் எலும்புகளின் பெயர்கள் வேடிக்கையாகிவிடும். மனிதர் உட்கார்ந்து திருத்த வேண்டும். 2024 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட விதி, அரசுக் கல்லூரிகளின் இணையப் பாடங்களும் டபிள்யூசிஏஜி 2.1 என்ற உலகளாவிய அணுகல் நெறியின் ஏஏ நிலையை எட்ட வேண்டும் என்கிறது. இந்த வேலையை ஆசிரியர் தலையில் மட்டும் கட்டினால் நடக்காது.

கல்லூரி தரும் ‘ஆதரவு’ எதில் இருக்க வேண்டும் என்பது இங்கேதான் வருகிறது. கேன்வாஸ் போன்ற ஒரு கற்றல் தளத்தை வாங்கிக் கொடுத்து, ஒரு மதியம் பயிற்சி வைத்துவிட்டால் முடிந்தது என்று பல நிர்வாகங்கள் நினைக்கின்றன. 2020 மார்ச்சில் சார்லஸ் ஹாட்ஜஸ் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதிய கட்டுரை, அப்போது நடந்துகொண்டிருந்தது அவசரகாலத் தொலைக் கற்பித்தல், அதை ஆன்லைன் கல்வி என்று அழைக்காதீர்கள் என்று எச்சரித்தது. நன்றாகத் திட்டமிட்ட ஆன்லைன் பாடம் உருவாக ஆறு முதல் ஒன்பது மாதம் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்த மாதங்களில் பாட வடிவமைப்பாளர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அணுகல் வசதி தெரிந்தவர் இருக்க வேண்டும். ஆசிரியருக்கு மற்ற வகுப்புகளிலிருந்து விடுப்பு இருக்க வேண்டும்.

விடுப்பும் சம்பளமும்தான் சிக்கல். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதிநேரக்காரர்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று சம்பளம். காலையில் ஒரு கல்லூரி, மதியம் நாற்பது மைல் தள்ளி இன்னொரு கல்லூரி என்று ஓடுகிறவர்கள். இவர்களிடம் ‘இலவசப் பயிற்சிக்கு வாருங்கள்’ என்றால் எப்படி வருவார்கள்? பயிற்சிக்கும் பாடத்தைச் சீரமைப்பதற்கும் தனியாகப் பணம் தரும் கல்லூரிகளில்தான் வேலை நடக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 35 பேர். வாரம் ஓர் அசைன்மென்ட். மேலே பார்த்த இரண்டாவது ஆசிரியர்போல் ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம். ஒரு வகுப்புக்கு 4 மணி 40 நிமிடம். முழுநேர ஆசிரியருக்கு ஐந்து வகுப்பு என்றால் வாரத்துக்கு 23 மணி 20 நிமிடம் திருத்துவதிலேயே போகும். இனிதான் மின்னஞ்சல், விவாதம், காணாமல் போனவருக்குப் போன், அடுத்த வாரத்தின் தயாரிப்பு எல்லாம். வகுப்பில் 50 பேரைப் போட்டால், அதே நேரத்துக்குள் முடிக்க 8 நிமிடம் ஐந்தரை நிமிடமாகும். கருத்து ‘நன்று’ என்று சுருங்கும். ஆன்லைன் வகுப்புக்கு அறை வேண்டாம், நாற்காலி வேண்டாம், எத்தனை பேரையும் சேர்க்கலாம் என்று கணக்கிடும் நிர்வாகம், தரத்தைத் தன் கையாலேயே வெட்டுகிறது.

இதற்கு நடுவே போலி மாணவர்கள் வேறு. உதவித்தொகையைச் சுருட்டுவதற்காகத் திருடிய அடையாளங்களில் ஆன்லைன் வகுப்புகளில் சேரும் கும்பல்கள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2021இல் விண்ணப்பத் தளத்துக்கு வந்த போக்குவரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்டது என்று கல்லூரிகளின் தலைமை அலுவலகமே சொன்னது. முதல் வாரத்தில் ஆசிரியர் மாணவர்களை வரவேற்க வேண்டும். அவரோ யார் மனிதர், யார் போலி என்று பொறுக்கிக்கொண்டிருக்கிறார். போலிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் உண்மையான மாணவர் காத்திருப்புப் பட்டியலில் நிற்கிறார். இது போலீஸ் வேலை. ஆசிரியரிடம் விட்டிருப்பது தவறு.

மாணவர் பக்கம் கல்லூரி செய்ய வேண்டியவை எளிமையானவை, ஆனால் செலவு பிடிப்பவை. கடனுக்கு லேப்டாப், இரவு பதினொரு மணிக்கும் கிடைக்கும் ஆன்லைன் டியூட்டர், வளாகத்துக்கு வராமலே பேசக்கூடிய ஆலோசகர். பாடநூல் விலையை மறந்துவிடக் கூடாது. கலிஃபோர்னியா, பாடநூல் செலவே இல்லாத பட்டப் படிப்புகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறது. நூறு டாலர் புத்தகத்துக்காகச் சம்பள நாளை எதிர்பார்த்திருப்பவர் மூன்றாவது வாரம்தான் பாடத்தைத் திறப்பார். அதற்குள் வகுப்பு அவரை விட்டுப் போயிருக்கும். ஓக்லாந்துப் பகுதியின் பெரால்டா கல்லூரி மாவட்டம் இதையெல்லாம் மனத்தில் வைத்தே சமத்துவத்துக்கென்று தனியாக ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் தயாரித்தது. பாடத்தில் வரும் படங்களிலும் எடுத்துக்காட்டுகளிலும் எந்த மாதிரி மனிதர்கள் இருக்கிறார்கள் என்றுகூட அது கேட்கிறது.

இந்தியாவிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் ஆன்லைன் பட்டங்களுக்கு விதி வகுத்தபின் விளம்பரங்கள் மொபைலை நிறைக்கின்றன. சேரப் போகிறவர்கள் அந்த விளம்பரத்தில் வரும் செயலியையும் ஸ்டுடியோவையும் ஒதுக்கிவைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஒரு போன் போடுங்கள். ஒரு பிரிவில் எத்தனை பேர், என் அசைன்மென்ட்டை யார் திருத்துவார், எத்தனை நாளில் திரும்பி வரும், இரண்டு வாரம் நான் காணாமல் போனால் யாராவது என்னைக் கூப்பிடுவார்களா என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.